வெல்லம் போட்டது யார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டி, "அப்பா, இன்னைக்கு இது செய்யலாமா?" என்றாள். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பளிங்கு மேடையில் கொத்துக்கறியை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தக்காளிச் சாறு செக்கச் செவேலென்று கொதித்தது. அதில் கொஞ்சம் சர்க்கரையை அள்ளிப் போட்டதும் மகள் நிறுத்தி, "இனிப்பும் புளிப்புமா இருக்கும்பா, நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்றாள். பேசாமல் இருந்திருக்கலாம். "இதை நாங்க மூக்கண்டப்பள்ளியில செஞ்சு ஒரு கல்யாணத்தையே முடிச்சு வச்சோம்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அவள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இந்த வயதுப் பெண் கைபேசியைக் கவிழ்த்து வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முழுக்கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அடுப்பு வேலையின் நடுவே அவளுக்குச் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. நீங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு விடாமல் சொல்கிறேன்.

நான் ஓசூருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே சமையல் வெந்நீர் வைப்பது. அதையும் நான் அடிபிடிக்க வைத்ததாக என் அறை நண்பர்கள் பின்னாளில் சொல்லித் திரிந்தார்கள், நம்ப வேண்டாம். மன்னார்குடிப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு, சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த உடம்புக்கு இந்த ஊர்க் குளிர் சுத்தமாகப் புரியவில்லை. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் எல்லோரும் மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக நிற்பார்கள். நான் மட்டும் அரைக்கைச் சட்டையில், குளிர் என்றால் என்னவென்றே தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். பல் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக வாங்கிய முதல் பொருள் ஒரு கம்பளி.

அந்தக் கம்பளியைச் சொன்னால் மூக்கண்டப்பள்ளி அறை நினைவுக்கு வந்துவிடும். மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் கம்பளி. யாருக்கு நைட் ஷிப்டோ அவன் பகலில் போர்த்திக்கொள்வான். வீட்டுக்காரர் லட்சுமம்மா. சிப்காட் வருவதற்கு முன்னால் அந்த இடமெல்லாம் அவர்கள் குடும்பத்து ராகிக் காடு. காடு போனது போக மிஞ்சிய இடத்தில் கீழே ஒரு வீடு, பக்கத்தில் இரண்டு மாடு, மேலே எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாக அறைகள். ஏறி இறங்க வெளிப்பக்கமாக ஒரு சிமெண்டுப் படி. வீட்டுக்குள் தெலுங்கு, பால் வாங்க வருபவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். திட்டும்போது மட்டும் மூன்றும் கலந்து வரும், அதில் ஒரு தனி ருசி இருக்கும். "ஏமப்பா, குழாயத் தெறந்து விட்டுட்டு ட்யூட்டிக்குப் போயிட்டியே, நீரு எல்லாம் ஓடினு கீது" என்று ஆரம்பித்தால் முடிவு எந்த மொழியில் என்று சொல்ல முடியாது. அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மேலே கறி சமைத்தால் ஒரு கிண்ணம் கீழே வந்துவிட வேண்டும். வாடகைகூட இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கலாம். கிண்ணம் தள்ளாது.

கறி சமைப்பவன் அன்வர். கிருஷ்ணகிரிக்காரன். பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. நாள் முழுக்க இரும்புத் தகட்டை நசுக்குகிற மிஷினோடு இருந்துவிட்டு வருகிறவன், சமைக்க உட்கார்ந்தால் அத்தனை மெதுவாக இருப்பான். அவன் அம்மா செய்கிற கறி உருண்டைக் குழம்புதான் அவனுக்கு வேதம். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, அடுப்பங்கரையிலேயே நின்று கற்றுக்கொண்டு வந்தது.

இன்னொருவன் மஞ்சுநாத். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் கன்னடம். அசெம்ப்ளி லைனில் வேலை. எங்களையெல்லாம் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். முதல் ஒரு மாதம் நான் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூர்ப் பக்கம் 'மச்சி' என்பதற்கு அதுதான் வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வெறுங்கையோடு வரமாட்டான். ராகி மாவு, அவரைக்காய், உருண்டை வெல்லம், எதுவும் இல்லாவிட்டால் யானைக் கதை. "ராகிய எல்லாம் நல்லா உக்காந்து தின்னுது குரு. தக்காளிய மட்டும் ஒரு கடி கடிச்சுட்டு மிதிச்சுட்டுப் போயிடுச்சு. அதுக்குக்கூட எங்க தக்காளி வேணாம்" என்பான். பயிர் போனவன் மாதிரியே சொல்ல மாட்டான். யானைக்கு ருசி தெரியவில்லையே என்கிற வருத்தம்தான் குரலில் இருக்கும்.

அந்த வருஷம் தக்காளி விலை விழுந்துவிட்டது. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலை விழுந்தால் ராயக்கோட்டை ரோட்டில் ஓரமெல்லாம் சிவந்து கிடக்கும், வண்டிச் சக்கரம் வழுக்கும். பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று காட்டிலேயே விட்டுவிடுவார்கள். மஞ்சுவின் அப்பா விட மனசில்லாமல் பறித்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய மகனிடம் கொடுத்து அனுப்பினார். கண்டக்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்தபடி தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரைக்கும் வந்து சேர்ந்தான். சட்டை முழுக்கச் சாறு. லட்சுமம்மா பார்த்ததும் யாரோ அடித்துப்போட்டுவிட்டார்கள் என்று அலறியதும், பிறகு விஷயம் தெரிந்து அந்தப் பெட்டியிலிருந்தே முந்தானை நிறைய எடுத்துக்கொண்டு போனதும் தனிக்கதை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் தக்காளிக்குப் பஞ்சமில்லை. அன்வர் காலையிலேயே போய்க் கொத்துக்கறி வாங்கிவந்தான். மிஷினில் அரைத்தால் மாவாகிவிடும் என்று, கட்டையில் வைத்துக் கத்தியாலேயே கொத்தித் தரச் சொல்லி வாங்குவான். சோம்பு, கசகசா, தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் லட்சுமம்மாவின் மிக்ஸியில் அரைத்துக்கொண்டு வந்தோம். கறி இறுகிப் பிடிப்பதற்குப் பொட்டுக்கடலை மாவு. பொடியாக நறுக்கிய வெங்காயம், புதினா. பிசைந்து உருட்டுகிற வேலையில்தான் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள்.

உருட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தரப் பரிசோதனைக்காரன் இல்லையா. எல்லா உருண்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். அன்வர் உருட்டியதைப் பெரிசு என்பேன், மஞ்சு உருட்டியதைக் கோணல் என்பேன், சரியில்லாததையெல்லாம் ஒரு தட்டில் 'ரிஜெக்ட்' என்று தனியாக வைப்பேன். அன்வர் குழம்பு கொதித்ததும் அந்த ரிஜெக்ட் தட்டைத்தான் முதலில் எடுத்துக் கவிழ்ப்பான். "உங்க கம்பெனியில இப்படித்தான் லோடு ஏத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்பான். நான் கம்பெனி மானத்தைக் காப்பாற்ற ஏதாவது சொல்வதற்குள் மூடி போட்டுவிடுவான். மூடி போட்ட பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது, உருண்டை உடைந்துவிடும். துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். அதை அவனே செய்தால்தான் அவனுக்குத் திருப்தி.

அன்று தக்காளியை வதக்கிச் சாறாக்கி, சிறு தீயில் வைத்துவிட்டு, உருண்டைகளை மூடிவைத்துவிட்டு, அன்வர் மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனான். போகும்போது, "பாத்துக்கடா மஞ்சு, அடி பிடிக்காம" என்று சொல்லிவிட்டுப் போனான். மஞ்சு பார்த்துக்கொண்டான். அடி பிடிக்கவில்லை. நடுவில் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "ஸ்வல்ப புளிப்பு ஜாஸ்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஊர் வெல்லத்தை எடுத்து, ஒரு துண்டு தட்டிப் போட்டுவிட்டான். அவர்கள் ஊரில் சாம்பாரிலேயே வெல்லம் போடுகிறார்கள். அவனுக்கு அது உப்புப் போடுவது மாதிரி. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் குழம்பில் வெல்லம் போட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு ஊருக்கும் நடுவில் நான் ஏன் போக வேண்டும் என்று கம்பளியை இழுத்துக்கொண்டேன்.

அன்வர் வந்தான். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தான். பிறகு, "எவன்டா இதுல வெல்லம் போட்டது?" என்றான்.

"நான்தான் குரு. புளிப்பு வாய்ல வைக்க முடியல."

"இது என்ன பாயசமாடா? எங்கம்மா கொழம்புல வெல்லத்த எவன் போடச் சொன்னான்?"

"உங்கம்மா கொழம்புக்கு எங்கப்பா தக்காளி இல்ல. எங்க காட்டுத் தக்காளி இது, இதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

யாருடைய அம்மா, யாருடைய அப்பா என்று போனால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். வெல்லத்தில் ஆரம்பித்தது, போன மாதம் யார் பக்கெட்டை யார் எடுத்தது என்பது வரைக்கும் போயிற்று. கடைசியில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அன்வர் கோபத்தில் ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துச் சட்டியில் ஊற்றினான், வெல்லத்தை ஒழித்துக்கட்டுகிற மாதிரி. உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினான். அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். "அவன்கிட்ட உப்பு டப்பாவ எடுக்கச் சொல்லு" என்பான் அன்வர். உப்பு டப்பா அவன் கைக்கே எட்டும் தூரத்தில் இருக்கும். "அவன் கை என்ன ஆச்சுன்னு கேளு குரு" என்பான் மஞ்சு. நான் தபால்காரனாக இருந்தேன்.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அக்குளில் ஒரு தோல் பை, அத்தர் வாசனை. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "இங்க அன்வர்ங்கிறது யாரு தம்பி?" என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரைக்கும் மாவும் புளியுமாக நின்றவன் ஸலாம் சொல்லி, "நான்தாங்க" என்றான். அவர் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். "நான் ஜமால். கிருஷ்ணகிரில மாங்கா மண்டி. சபீனாவோட தாய்மாமன்" என்றார்.

சபீனா என்றதும் அன்வரின் முகம் மாறியது. விஷயம் இதுதான். அவனுக்கு அதற்கு முன் இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டும் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் பர்மனென்ட் மாப்பிள்ளை வேண்டும் என்றார்கள். இன்னொரு வீட்டில் வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டும் என்றார்கள். இவன் கான்ட்ராக்ட், அவன் பார்த்த வெளிநாடு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கர்நாடகம். மூன்றாவதாகப் பேச்சு வந்திருந்தது இந்த சபீனா. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அன்வர் வாரம் ஒருமுறை சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தான். இதுவும் போய்விட்டால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தான். அந்தப் பெண்ணின் மாமா, சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நேரில் பார்க்க வந்து நிற்கிறார்.

எங்களிடம் இருந்தது ஒரே நாற்காலி. பிளாஸ்டிக். பின்கால் ஒன்று விரிசல், சாய்ந்தால் போச்சு. அவரை அதில் உட்காரவைத்துவிட்டு, அவர் சாயப் போகும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே தக்காளிப் பெட்டி இருந்தது.

"சிகரெட்டு?" என்றார்.

"இல்லீங்க மாமா."

"தண்ணி?"

அன்வர் வாயைத் திறப்பதற்குள், மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற மஞ்சு பாய்ந்து வந்து, ஒரு சொம்பு தண்ணீரை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். அவர் சொம்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. வாங்கிக் குடித்தார்.

"பர்மனென்ட் எப்ப ஆகும்?"

"தெரியாதுங்க மாமா. ஆவும்னு சொல்றாங்க. நம்பிச் சொல்ல முடியாது."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அடுத்த வருஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? பேச்சை மாற்றுவதற்காக, "மாமா, சாப்பாடு தயாரா இருக்கு, ஒரு வாய்" என்றேன். அவர் கையை உயர்த்தினார். "பேச்சு முடியாம கை நனைக்கிறது இல்ல தம்பி. வழக்கம் அப்படி." சம்பந்தம் உறுதியாகாமல் அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது. அது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் சொல்லும்போது அவர் கண் அடுப்பின் மேல் இருந்ததை நான் பார்த்தேன். மூடியின் ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வெளிப்படியில் லட்சுமம்மாவின் குரல், என் பெயரைச் சொல்லி. போனேன். கையில் வழக்கமான கிண்ணம். ஆனால் முகத்தில் வழக்கமில்லாத ரகசியம்.

"ஏமப்பா, மேல வந்து கீறாரே, அவரு கூட ஒரு பொண்ணு வந்து கீது, தெரியுமா? கீழ எங்க ஊட்ல உக்கார வெச்சிட்டு வந்துட்டாரு. பொண்ணு லட்சணமா கீது. பாவம், காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியல. சீக்கிரம் போட்டுக் குடு."

நான் உள்ளே போய், அடுப்பு மூலையில் அன்வரின் காதில் சொன்னேன். அவன் அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். அப்புறம் கிண்ணத்தில் பார்த்துப் பார்த்து உருண்டையாக எடுத்துவைத்தான். ரிஜெக்ட்டை ஒதுக்கிவிட்டு எடுத்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கிண்ணம் இறங்கிப் போயிற்று. உள்ளே மாமா, அன்வரின் அத்தா அம்மாவைப் பற்றியும் கிருஷ்ணகிரியில் அவர்கள் வீடு எந்தத் தெரு என்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி படியில் குரல். இந்த முறை அன்வரும் என் பின்னாலேயே வந்துவிட்டான்.

லட்சுமம்மா அவனைப் பார்த்துச் சொன்னார். "உருண்டை நல்லா வெந்து கீதாம். உப்பும் சரியாம். புளிப்புதான் ரொம்பத் தூக்கலாம்." பிறகு குரலை இறக்கி, "சமைச்சவங்க யார் மேலயாவது கோவமா இருந்தாங்களான்னு கேக்குது" என்றார்.

அன்வர் உள்ளே வந்து, நேராக மஞ்சுவிடம் போனான். என் வழியாக இல்லாமல் அவன் மஞ்சுவிடம் பேசியது அப்போதுதான். "டேய், இன்னும் கொஞ்சம் வெல்லம் போடுடா" என்றான். மஞ்சு கொஞ்சம் பிகு பண்ணுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் வெல்லத்தைத் தட்டி, இடது கையில் வைத்து இரண்டு தரம் எடைபார்த்து, முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று போட்டான். அன்வர் துணியால் சட்டியைப் பிடித்துச் சுழற்றினான். இருவரும் ஆளுக்கொரு விரல் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். முதலில் நாக்கில் புளிப்புத் தட்டியது, அதன் பின்னாலேயே வெல்லம் வந்து அதைத் தடவிக்கொடுத்தது, கடைசியில் பச்சை மிளகாய். மூன்றும் ஒன்றையொன்று தள்ளாமல் வரிசையில் வந்தன. அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

கிண்ணம் மறுபடி இறங்கியது. மாமா, "யாருக்கு தம்பி போவுது?" என்றார். "வீட்டுக்காரம்மாவுக்கு மாமா, வாரா வாரம் உண்டு" என்றேன். பொய்யில்லை.

லட்சுமம்மா மூன்றாவது முறை மேலே வந்தபோது மூச்சு வாங்கியது, முழங்கால் வலிக்காரர். "இப்ப பாகுந்தியாம், நல்லா கீதாம்" என்றார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். "வெல்லம் போட்டது யாருன்னு கேக்குது. அவங்க மாமி வீட்டுப் பக்கம் கன்னடத்துக்காரங்க சமையல்ல இந்த ருசி இருக்குமாம். இது உன் யோசனையான்னு கேட்டுனு வரச் சொல்லுச்சு."

நான் அன்வரின் விலாவில் இடித்தேன். ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். யார் வந்து விசாரணை கமிஷன் வைக்கப் போகிறார்கள்? அன்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லீங்கம்மா. எங்க ரூம்ல மஞ்சுன்னு ஒருத்தன். அவன்தான் போட்டான். நான் வேணாம்னுதான் சண்டை போட்டேன். புளி ஊத்தினது நான். அப்படியே சொல்லிடுங்க."

லட்சுமம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நாங்கள் படியிலேயே நின்றோம். மஞ்சுவும் வந்து நின்றான், என்ன ஏதென்று தெரியாமலே. கீழே ஒரு மாடு கத்தியது. உள்ளே நாற்காலி கிறீச்சென்றது. எனக்கு எதற்குக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

லட்சுமம்மா இந்த முறை பாதிப் படி வரைக்கும்தான் ஏறினார். அங்கேயே நின்று, அண்ணாந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அப்ப கல்யாணத்துக்கு அந்த மஞ்சுவயும் மறக்காம கூப்பிட்டுக்கச் சொல்லுச்சு."

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முதலில் புரிந்தது மஞ்சுவுக்கு. "குரு" என்று அன்வரின் முதுகில் ஒரு அறை விட்டான். பிரஸ் ஷாப்பில்கூட அவனுக்கு அப்படி ஒரு அடி விழுந்திருக்காது.

நாங்கள் முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே போனோம். மாமா நாற்காலியில் இல்லை. மூலையில் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கிண்ணம் எத்தனை தரம்ப்பா ஏறி எறங்கும்? நான் மண்டிக்காரன். என் கண்ணு முன்னால ஒரு கூடை நகந்தா எனக்குத் தெரியாதா? பொண்ணு கீழ கை நனைச்சிடுச்சு. இனி நான் மட்டும் வெரதம் இருந்து என்ன ஆவப்போவுது? எலையோ தட்டோ, எதையாச்சும் போடுங்க."

தரையில் செய்தித்தாளை விரித்து உட்காரவைத்தோம். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கினார், மூன்றாம் முறை வெறும் குழம்பு. எழுந்திருக்கும்போது அன்வரிடம், "வேல பர்மனென்ட் ஆவலன்னா மண்டிக்கு வந்துடு" என்றார். மஞ்சுவைப் பார்த்து, "தம்பி, தண்ணி குடு" என்றார். இப்போது நன்றாகவே சிரித்தார். அவர் படியில் இறங்கும்போதுதான் நாங்கள் சபீனாவைப் பார்த்தோம். பச்சை முக்காடு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரே ஒரு தரம் மேலே பார்த்தாள். மூன்று பேர் வரிசையாக நின்றோம். எந்த ஆள் மாப்பிள்ளை என்று அவளுக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. லுங்கியில் புளிக்கறை இருந்தவனைப் பார்த்துத்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணம் கிருஷ்ணகிரியில் நடந்தது. மஞ்சுவுக்குத் தனியாக, அவன் பெயர் எழுதிய பத்திரிகை வந்தது. போனவன் சும்மா இருக்கவில்லை. பின்பக்கம் பிரியாணிக்குத் தால்ச்சா கொதிக்கிற அண்டாவை எட்டிப்பார்த்து, "ஸ்வல்ப வெல்லம் போட்டா" என்று ஆரம்பித்திருக்கிறான். சமையல்காரப் பண்டாரி கரண்டியோடு துரத்தியதில், பந்தியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

வேலை நிரந்தரமாகவில்லை. அன்வர் கொஞ்ச காலத்தில் மண்டிக்கே போய்விட்டான். இப்போது பார்த்தால் மாம்பழ வாசனையோடு, தொப்பையோடு, அந்த மாமாவே மறுபடி வந்து நிற்பது போல இருக்கிறான். மஞ்சு அப்பாவின் காட்டுக்குத் திரும்பினான். சொட்டு நீர் போட்டுத் தக்காளிதான் வைக்கிறான், இப்போதும் யானை மிதிக்கிறது, இப்போதும் கதை சொல்கிறான். நான் மட்டும்தான் இந்த ஊரிலேயே கம்பெனி மாறிக் கம்பெனி மாறி, யாரோ செய்ததைச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சபீனாவிடம் கேட்டேன். அன்றைக்கு அப்படி என்ன பார்த்துச் சரி என்று சொன்னாய் என்று. அன்வர் உண்மையைச் சொன்னதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நானே ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவள் சிரித்தாள். "வேணாம்னு சொல்லிடணும்னு முடிவு பண்ணித்தாண்ணா வந்தேன். வேலைய விடச் சொல்லுவாங்களோன்னு பயம். ஆனா அன்னைக்கு நல்ல பசிண்ணா. மாமா டிபன்கூட வாங்கித் தரல" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு பேரும் ஒண்ணா நின்னு, நான் என்ன சொல்லப்போறேனோன்னு படியில காத்துக்கிட்டு இருந்தீங்க. கீழ இருந்து கால் மட்டும் தெரிஞ்சுது. ஆறு காலும் ஆடிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். அவள் வேலையை விடவில்லை. இப்போதும் போச்சம்பள்ளிக்குத்தான் போய்வருகிறாள், சீனியர் ஆகிவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி விஷயமாக மூக்கண்டப்பள்ளிப் பக்கம் போனேன். லட்சுமம்மா ஆனேக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார், முழங்காலுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அவருடைய இடத்தில் இப்போது ஐந்து மாடிக்கு ஒரு விடுதி. லிப்ட் உண்டு, வாசலில் கேமரா உண்டு. காவலாளியிடம் என்னென்னவோ காரணம் சொல்லி உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் ஒரு அறைக் கதவு திறந்திருந்தது. மூன்று கட்டில். ஒன்றில் ஒருவன் தலைவரைக்கும் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் சீருடையில், ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், திருவண்ணாமலைப் பக்கமாம். மூன்றாமவன் கம்பெனியில் இருக்கிறானாம். இப்போதெல்லாம் லைன் நிற்பதே இல்லை, ஞாயிறு என்றும் கிடையாது. வார விடுமுறை ஆளுக்கொரு நாள் மாறிமாறி வரும். ஒருவனுக்குச் செவ்வாய், ஒருவனுக்கு வெள்ளி.

"அப்ப மூணு பேரும் சேந்து எப்பப்பா சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

அவன் ஷூ லேஸைக் கட்டியபடி யோசித்தான். என் கேள்வியை அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே யோசித்தான். "தீபாவளி லீவு ஒண்ணுதான் சார் மூணு பேருக்கும் ஒண்ணா வருது" என்றான். எழுந்து, தூங்குகிறவன் விழித்துவிடாமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்த பிறகு சொன்னான்: "அன்னைக்கு அவங்கவங்க ஊருக்குப் போயிடுவோம்."